குன்றத்தூரில் ஓர் ஆராய்ச்சி மணி

விடியற்காலை ஐந்து மணி. குன்றின்மேல் முருகன் கோயிலில் இன்னும் மணியோசை எழவில்லை. அடிவாரத்துச் சாலையோரத்தில் மக்கள் வந்து நின்றுவிட்டனர். பெரும்பாலோர் பெண்கள், இருபது, இருபத்திரண்டு வயதினர். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் சோற்றுப் பாத்திரம். நிழற்குடை இல்லாத இடத்தில் பூட்டிய கடையின் படிக்கட்டுதான் அவர்களுக்கு இருக்கை. வெண்ணிறப் பேருந்து ஒன்று வருகிறது. முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய தாளில் ஒரு நிறுவனத்தின் பெயர். நால்வர் ஏறுகின்றனர். அதன் பின்னாலேயே இன்னொரு பேருந்து, இன்னொரு நிறுவனம், ஐவர் ஏறுகின்றனர். பிறகு ஒரு வேன். அத்தனையும் செல்வது மேற்கே, திருப்பெரும்புதூர்ப் பக்கம். ஏழு மணிக்குள் சாலை நிரம்பிவிடுகிறது. எட்டரை மணிக்கு அதே சாலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். எஃகுச் சுருள் ஏற்றிய டிரெய்லரின் சக்கரத்துக்கும் கழிவுநீர்க் கால்வாயின் விளிம்புக்கும் இடையே எஞ்சிய ஒரு முழ அகலமே அவர்களுக்கு உரிய வழி.

தமிழ்நாட்டின் தொழில்வளர்ச்சியை அறிக்கைகளில் படித்துப் பெருமிதம் கொள்வோர் ஒருநாள் இந்த ஒரு முழ அகலத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று விரும்புகிறோம்.

அந்தப் பெருமிதத்தில் நமக்கும் பங்குண்டு. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டது முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று மேற்கு நோக்கிப் பரவிய தொழிற்பேட்டைகள் ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே மாற்றியிருக்கின்றன. வானம் பார்த்த நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் நுழைந்தது. கிராமத்துப் பெண் தன் கைப்பணத்தில் தம்பியைப் படிக்கவைத்தாள். ஹூண்டாயின் அந்த ஒரு கார்த் தொழிற்சாலை மட்டும் ஆண்டுக்கு 8 இலட்சம் கார்களுக்குக் குறையாமல் செய்யும் திறன் பெற்றிருக்கிறது. அதற்கு உதிரிபாகம் தரும் சிறு தொழிற்கூடங்கள் குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையில் இரவு பகலாக இயங்குகின்றன. இவையெல்லாம் வேண்டா என்று சொல்பவர் இந்த மண்ணின் வறுமையை அறியாதவர். ஆயினும் இவ்வளர்ச்சி எந்த வழியாக வந்தது, அந்த வழியில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.

தொழிலும் ஊரும் வழியும் ஒன்றையொன்று பெற்று வளர்த்த வரலாறு சென்னைக்குப் புதிதன்று. 1837-இல் செங்குன்றத்தில் தண்டவாளம் இடப்பட்டது. சென்னைச் சாலைகளுக்குக் கல் கொண்டுவருவதே அதன் நோக்கம். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்சார ரயில் வந்தது. அன்று அந்தப் பாதையின் இருமருங்கிலும் வயலும் ஏரியும் மிகுதி, வீடுகள் குறைவு. ரயில் நின்ற இடங்களில் ஊர் எழுந்தது. 1912-இல் தோன்றிய குரோம் தோல் தொழிற்சாலை ஒரு நிலையத்துக்கும் ஊருக்கும் பெயரே தந்துவிட்டது. குரோம்பேட்டை என்று சொல்லும்போது நாம் ஒரு தொழிற்சாலையைத்தான் சொல்கிறோம். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் நகரின் இரைச்சலை விட்டுப் பல்லாவரத்தில் குடியமர்ந்து நூலகம் அமைத்து வாழ்ந்ததும் அந்த இருப்புப்பாதையை ஒட்டித்தான்.

விடுதலைக்குப் பின் அரசு அமைத்த தொழிற்பேட்டைகளும் இந்த நெறியைவிட்டு விலகவில்லை. 1958-இல் கிண்டி, அறுபதுகளில் அம்பத்தூர், 1984-இல் தாம்பரத்தில் மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம். மூன்றையும் வரைபடத்தில் பாருங்கள்: மூன்றும் புறநகர் ரயில் நிலையத்தின் கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் இறங்கும் தொழிலாளி சாலையைக் கடந்து நடந்தே வளாகத்தின் வாயிலுக்குள் போய்விடுகிறாள். செங்கல்பட்டிலிருந்து வருபவளும் சைதாப்பேட்டையிலிருந்து வருபவளும் ஒரே ரயில் வழியைப் பயன்படுத்துகிறார்கள். சீசன் டிக்கெட் ஒன்று போதும். அவளை அழைத்துவர எந்த நிறுவனமும் தனிப் பேருந்து விடவேண்டிய கட்டாயம் எழவில்லை. எந்தச் சிற்றூரின் தெருவும் அவளுடைய பயணத்தால் நெரிபடவில்லை. அடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரும் ரயில் பாதையை ஒட்டியே வகுக்கப்பட்ட புதுநகரம்.

தொண்ணூறுகளில் இந்த நெறி முறிந்தது. கார் செய்பவர்களுக்கும் கைப்பேசி செய்பவர்களுக்கும் வேண்டியவை பரந்த நிலம், தடையில்லா மின்சாரம், துறைமுகத்துக்கு விரையும் நெடுஞ்சாலை. மூன்றையும் பெங்களூர்ச் சாலையின் இருபுறமும் மாநில அரசின் தொழில்வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கொடுத்தது. விரைவாகக் கொடுத்தது, அந்த விரைவு பாராட்டத்தக்கது. ஆனால் பல்லாயிரம் பேர் நாள்தோறும் மூன்று ஷிப்டுகளில் எப்படி வந்து போவார்கள் என்ற கேள்வி திட்டத்தின் உள்ளே இடம்பெறவில்லை. அது நிறுவனங்களின் பாடு என்று விடப்பட்டது. இந்தியாவின் மிகப்பெரிய தொழில்வட்டாரங்களில் ஒன்று பயணிகள் ரயில் நிலையம் இல்லாமலேயே எழுந்தது. பொருளுக்கு மட்டும் ரயில் கிடைத்தது: வாலாஜாபாத் நிலையத்தில் புத்தம்புதுக் கார்கள் மூடுபெட்டிகளில் ஏறி வடமாநிலங்களுக்குப் புறப்படுகின்றன. அவற்றைச் செய்த கைகள் வேனில் இடுக்கி உட்கார்ந்து வீடு திரும்புகின்றன. ஆவடியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் பாதை பத்தாண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டு வருகிறது. ரயில்வே நிதிநிலை அறிக்கையிலும் அதன் பெயர் வந்தது. மண்ணில்தான் வரவில்லை.

இந்த இடைவெளியில் அகப்பட்ட ஊர் குன்றத்தூர்.

குடியிருப்பவர்கள் கிழக்கே பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் பகுதிகளில், வேலை மேற்கே. நடுவில் குன்றத்தூர். பல்லாவரத்திலிருந்து வரும் சாலை, போரூரிலிருந்து வரும் சாலை, மாங்காடு வழியாகப் பூந்தமல்லியிலிருந்து வரும் சாலை யாவும் இங்கே கூடித் திருப்பெரும்புதூருக்குச் செல்கின்றன. கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் நெல் மூட்டைக்கும் போட்ட சாலைகள் அவை. கிருத்திகை நாளில் பக்தர் கூட்டமும் ஷிப்டு மாறும் நேரமும் ஒன்றுசேர்ந்தால் ஊர் மூச்சுவிடத் திணறுகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை ஊரின் மேற்கே கடக்கிறது. நெடுந்தூர லாரிகளுக்கு அது பெருந்துணை. ஆனால் அச்சாலையை அடைவதற்கும் அதிலிருந்து இறங்குவதற்கும் பயன்படுவது மீண்டும் இந்த ஊர்ச் சாலைகள்தாமே. மெட்ரோவின் தடமோ வடக்கே போரூர் வழியாகப் பூந்தமல்லிக்குச் செல்கிறது. தெற்கே விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டிக்கத் திட்டமிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஷேர் ஆட்டோ.

2021-இல் குன்றத்தூர் பேரூராட்சி நகராட்சியாயிற்று. அதே ஆண்டு தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. அனகாபுத்தூரும் பம்மலும் பல்லாவரமும் அதில் அடங்கின. பல்லாவரத்தில் புறப்படும் பேருந்து குன்றத்தூர் வந்து சேர்வதற்குள் செங்கல்பட்டு மாவட்டத்தைவிட்டுக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. போரூரிலிருந்து வந்தால் சென்னை மாநகராட்சியின் எல்லையைக் கடக்கவேண்டும். சாலை ஒரு துறையிடம், மழைநீர்க் கால்வாய் நகராட்சியிடம், ஏரி நீர்வளத் துறையிடம், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், தொழிற்பேட்டை சிப்காட்டிடம். ஒவ்வொருவரும் தத்தம் பணியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தொழிலாளியின் பயணம் என்ற ஒன்று மட்டும் எவருடைய கோப்பிலும் முழுமையாக இல்லை. இக்குறையைத் தீர்க்கவே ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். ஒரு தொழிற்சாலைக்கு இசைவு வழங்கும் வேகத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

நிறுவனப் பேருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பொதுப் போக்குவரத்து இல்லாத இடத்தில் அவை செய்த தொண்டு சிறிதன்று. பின்னிரவில் பணிமுடிந்த பெண்ணை அவளுடைய தெருமுனைவரை கொண்டுவந்து விடுவது பாதுகாப்பு. ஆயினும் இருபது நிறுவனங்கள் ஒரே ஊருக்கு ஒரே நேரத்தில் தனித்தனி வண்டி அனுப்பினால், இரண்டு பேருந்தில் அடங்கும் மக்கள் இருபது வண்டிகளில் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள். பகல் முழுதும் அவ்வண்டிகள் எங்கோ ஓர் ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ வெறுமனே நிற்கின்றன. அவற்றில் ஊர்க்காரர் ஏற முடியாது. அவை சேரும் வாயிலில் தேநீர்க்கடை நடத்துபவள் ஏற முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர்க்குச் சில இடங்களில் அதிலும் இடமில்லை. 2021 முதல் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். அத்திட்டம் எத்தனை வீடுகளின் கதவைத் திறந்தது என்பதைத் தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றால் காணலாம். தொழிற்பேட்டையின் காலை ஆறு மணி வாயிலுக்கு அந்தப் பேருந்து செல்லாதவரை, வேலை தேடும் பெண் நிறுவனம் அனுப்பும் வண்டியின் தடத்தை ஒட்டித்தான் வாடகை வீடு பார்க்கவேண்டியிருக்கிறது. வேலை போனால் வண்டியும் போகும். வண்டி போனால் அந்த வீட்டிலிருந்து வேறு வேலைக்குச் செல்ல வழியில்லை. 2014-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2022-இல் மறைமலைநகரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியது. ஆலையின் பேருந்து ஆலையோடு நிற்கும். அரசின் பேருந்தும் ரயிலும் ஆலை மாறினாலும் ஓடும்.

தண்ணீரின் கணக்கு தனி. குன்றத்தூருக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னையின் தாகம் தீர்க்கும் நீர்நிலை. அதன் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு வழியாகத் திருநீர்மலையருகே அடையாற்றில் கலக்கிறது. ஏரி திறக்கும்போதெல்லாம் இந்த ஊர்ப்பெயர்கள் இதே வரிசையில் வானொலியில் ஒலிப்பதை இப்பகுதி மக்கள் அச்சத்தோடு கேட்கிறார்கள். 2015 டிசம்பர் முதல் நாளன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. கார்த் தொழிற்சாலைகளும் உற்பத்தியை நிறுத்தின. வரமுடியாத தொழிலாளியும் வராத உதிரிபாகமும் ஒருசேர அவற்றை முடக்கின. நெடுஞ்சாலை போடும்போது மண்கொட்டி உயர்த்துகிறோம். நீர் போகும் வழிக்குக் குறுகிய குழாய்ப்பாலம் வைக்கிறோம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு அந்தச் சாலையே அணையாகிவிடுகிறது. செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் மாவட்டம் என்று முன்னோர் சொன்னார்கள். ஓர் ஏரி நிரம்பி அடுத்ததற்கு வழிவிடும் சங்கிலி அது. அந்தச் சங்கிலியின் குறுக்கே எத்தனை சாலை போட்டோம் என்ற கணக்கும் போக்குவரத்துத் திட்டத்தின் பகுதியாகவேண்டும்.

நகரம் கட்டக் கல்லும் இங்கிருந்தே போயிற்று. மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரத்தில் குடைந்துவிட்ட கல்குவாரிகள் இன்று ஆழ்ந்த குளங்கள். 2017-லும் 2019-லும் ஏரிகள் வற்றியபோது அந்தக் குழிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். கல்லும் கொடுத்து, குழியில் தேங்கிய நீரும் கொடுத்த வட்டாரத்துக்கு நகரம் திருப்பித் தந்தது என்ன என்று கேட்பது பேராசை ஆகாது.

பொறுப்பைப் பற்றிய கேள்வி இந்த ஊருக்குப் புதிதன்று. குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அநபாய சோழனின் அமைச்சராக இருந்தவர். குடந்தை அருகேயுள்ள திருநாகேசுவரத்தின்மீது கொண்ட அன்பால் தம் ஊரிலும் அதே பெயரில் கோயில் எழுப்பியவர். ஆட்சியின் நுட்பமறிந்த அந்த அமைச்சர் பெரியபுராணத்தில் திருவாரூரின் சிறப்பைச் சொல்லப் புகுந்தபோது மாடங்களையும் வீதிகளையும் கூறியதோடு நிற்கவில்லை. அந்த நகரச் சிறப்பிலேயே ஒரு சாலை விபத்தையும் வைத்தார். அரசகுமரனின் தேர் வீதியில் வருகிறது. துள்ளிவந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் மணியைக் கொம்பால் அசைக்கிறது. அமைச்சர்கள் மன்னனுக்குப் பரிகாரம் சொல்கிறார்கள். நூலில் விதித்த பரிகாரம், செய்துவிட்டால் பழி தீரும் என்கிறார்கள். மனுவேந்தன் அதை ஏற்கவில்லை. தன் ஆட்சியில், தன் வீதியில், தன் குடும்பத்தின் தேரால் நேர்ந்த இறப்புக்குத் தானே பொறுப்பு என்று அவன் நின்ற நிலையைத்தான் சேக்கிழார் நகரத்தின் சிறப்பு என்று எழுதினார்.

அவருடைய ஊரின் தேரடியைக் கடந்து இன்று டிரெய்லர்கள் செல்கின்றன. விபத்து நேர்ந்தால் ஓட்டுநர்மேல் வழக்கு, குடும்பத்துக்கு நிவாரணத் தொகை, இரண்டு நாள் போக்குவரத்துக் காவலர், பிறகு பழையபடி. நாற்பது டன் வண்டியையும் ஏழு வயதுக் குழந்தையையும் ஒரே சாலையில் போகவிட்டது யார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. ஓட்டுநர் அந்தச் சாலையை வகுக்கவில்லை. தொழிற்பேட்டைக்கு இடம் குறித்தபோதே இது குறிக்கப்பட்டுவிட்டது.

ஆகவே சீர்திருத்தமும் இடம் குறிக்கும் அந்த மேசையில் தொடங்கவேண்டும். புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போது மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் உறுதி தருவதுபோல் தொழிலாளியின் வழிக்கும் உறுதி எழுதப்படவேண்டும்: எந்த ரயில் நிலையம், எந்தப் பேருந்துத் தடம், எந்த நாளுக்குள் என்று. நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அரசு திறந்தது. வேலையின் அருகே வீடு அமைந்தால் பல நூறு பேருந்துப் பயணங்கள் பிறக்காமலே போகும். ஆனால் விடுதி கன்னிப்பெண்ணின் சில ஆண்டுகளுக்கு உரியது. மணமானவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதியோரைப் பேணுபவளுக்கும் ஊரில்தான் வீடு. அவளுக்கு வழி வேண்டும்.

அந்த வழி ஆவடி–திருப்பெரும்புதூர்–கூடுவாஞ்சேரி ரயில். பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் வரவேற்கத்தக்கது. எனினும் வடக்குப் புறநகர் ரயிலையும் தெற்குப் புறநகர் ரயிலையும் தொழிற்பேட்டைகளின் ஊடே இணைக்கும் இருப்புப்பாதைக்கு அது ஈடாகாது. ஆவடிக்காரரும் செங்கல்பட்டுக்காரரும் எளிய கட்டணத்தில் ஒரே சீட்டில் வேலைக்குப் போகும் நாள் வந்தால் குன்றத்தூர்ச் சாலையின் சுமை பெருமளவு இறங்கும். ஒன்றிய அரசும் மாநில அரசும் செலவைப் பங்கிடுவதில் நெடுங்காலம் கழித்துவிட்டன. அந்த வட்டாரம் ஈட்டித்தரும் வரியில் இருவருக்கும் பங்கு வருகிறது என்பதை இருவருக்கும் நினைவூட்டுகிறோம். 2026-ஐ எல்லையாக வைத்து எழுதப்பட்ட சென்னைப் பெருநகரின் இரண்டாம் பெருந்திட்டத்தின் காலம் முடிகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் பெருந்திட்டத்தில் நிலத்தின் நிறத்தைத் தீட்டுமுன் இந்தத் தண்டவாளத்தின் கோட்டை இழுக்கவேண்டும்.

ரயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத பணிகளும் உண்டு. நிறுவனங்களின் வண்டிகளை ஒன்றுசேர்த்து, ஒரே தடத்தில் பொதுவாக ஓடவைக்கப் போக்குவரத்துக் குழுமம் இவ்வாண்டே பேச்சைத் தொடங்கலாம். நிறுவனங்கள் இப்போது தனித்தனியே செலவிடும் தொகையில் ஒரு பகுதி அதற்குப் போதும். ஷிப்டு மாறும் நேரத்தைத் தொழிற்பேட்டை தோறும் அரைமணி முன்பின்னாக வைத்தாலே சாலை மூச்சுவிடும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ஊருக்குள் கனரக வண்டி வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தாளில் மட்டும் வைத்திராமல் சாலையில் நடைமுறைப்படுத்தவேண்டும்.

தேரடியிலிருந்து பள்ளிகள் வரை இரண்டு பக்கமும் தடையில்லாத நடைபாதை; விடியற்காலையில் காத்து நிற்கும் பெண்களுக்குக் கூரையும் விளக்கும் இருக்கையும் உள்ள நிறுத்தம்; உபரிநீர் கடக்கும் இடங்களில் அகன்ற பாலம். முதல் இரண்டுக்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. நகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் மாநகரப் போக்குவரத்துக் கழகமும் ஒருநாள் ஒரே இடத்தில் அமர்ந்தால் முடியும். காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அந்த நாளைக் குறித்து அறிவிக்கட்டும்; செங்கல்பட்டு ஆட்சியரையும் உடன் அழைக்கட்டும். கூட்டத்தைக் காலை ஐந்து மணிக்கு, குன்றத்தூர்ச் சாலையோரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.